பாக்கெட் கேமரா சரி, பாக்கெட் எங்கே?

சென்னை காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். நாலரைக்கு ராயபுரத்தில் வீட்டைப் பூட்டினால் ஐந்து மணிக்குள் மீன்பிடித் துறைமுகத்தில் இருப்பேன். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் ரொக்கம், யார் கடன் என்று எழுதி முடிக்கும்போது ஏலம் சூடு பிடித்திருக்கும். அதைத்தான் படம் எடுக்கிறேன். பெரிய கலையெல்லாம் இல்லை. கூடையில் கிடக்கும் சங்கரா, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவர், ஐஸ் உடைக்கும் பையன், டீ கிளாஸ்.

கேமரா வாங்கப்போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "இன்னாக்கா, அதான் போன்லயே இருக்குதே?" இருக்கிறது. ஆனால் என் போன் பாதி ஆபீஸ். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் "அக்கா, இருபது பார் அனுப்பு" என்று அழைப்பு வரும். ஈரக்கையால் தொட்டால் திரை சொன்ன பேச்சு கேட்காது. எல்லாவற்றையும்விட, விடிவதற்கு முன் என் போனில் எடுத்த முகங்கள் மெழுகு பூசினதுபோல் வந்தன. வெளிச்சம் போதாதபோது போன், படத்தில் விழும் புள்ளிகளை மறைக்க முகத்தையே வழித்துவிடுகிறது. அறுபது வருஷம் வெயிலில் காய்ந்த நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தால் அது அவர் படமா?

ஆக எனக்கு வேண்டியது இரண்டு. அதிகாலை அரை இருட்டில் முகம் முகமாக விழ வேண்டும். பாக்கெட்டில் போக வேண்டும். இரண்டாவதுதான் பெரிய சிக்கல். பாக்கெட் கேமரா என்று பெயர் வைத்தவர்கள் யாரும் சுடிதார் போட்டதில்லை. கைப்பையில் போட்டால் எடுக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். டிபன் பாக்ஸ், கணக்கு நோட்டு, குடை எல்லாவற்றையும் துழாவி எடுப்பதற்குள் மீனை ஏலம் எடுத்தவர் ஆட்டோவில் ஏற்றிப் போய்விடுவார்.

தடைக்காலத்தில்தான் தேட நேரம் கிடைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, எங்களுக்கும் வேலை பாதி. மதியத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேமராவாகப் பார்த்தேன்.

மெகாபிக்சலை முதலிலேயே விட்டுவிட்டேன். இந்த அளவுக் கேமராக்களில் 20 என்றாலும் 24 என்றாலும் எனக்கு ஒன்றுதான். பார்க்க வேண்டியது சென்சார் அளவு. லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு அது, பெரிதாக இருந்தால் இருட்டிலும் வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கும். மலிவான சின்னக் கேமராக்களில் சென்சார் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். ஒரு அங்குல சென்சார் என்கிறார்களே, அது 13.2க்கு 8.8. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் நாலு மடங்கு. அங்குலம் என்பது பேருக்குத்தான், குறுக்கே அளந்தால் அரை அங்குலம்! எங்கள் பக்கம் எடைக்கல்லில் இப்படிச் செய்தால் சண்டை வரும்.

அடுத்தது லென்ஸின் வாய். எஃப் எண் எவ்வளவு சின்னதோ, வாய் அவ்வளவு பெரிது, வெளிச்சமும் அவ்வளவு அதிகம் வரும். கூடவே வரும் மி.மீ. எண் ஜூமுக்கு, சின்ன எண் என்றால் அகலமாகப் பிடிக்கும், பெரிய எண் என்றால் தூரத்தைக் கிட்டே இழுக்கும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியில் பெரிதாக எஃப் 1.8 என்று போட்டிருப்பார்கள். அது ஜூம் போடாதபோது மட்டும். 2012இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100 அப்படித்தான், 28 மி.மீ.யில் 1.8, ஜூமை முழுக்க இழுத்து 100 மி.மீ.க்குப் போனால் 4.9. 2014இல் வந்த அதன் மூன்றாம் மார்க்கில், அதாவது மூன்றாவது பதிப்பில், ஜூம் 24இலிருந்து 70 வரைதான், ஆனால் இழுத்த பிறகும் 2.8. அதாவது அந்தக் கடைசி முனையில் பழையதைப்போல் மூன்று மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. நாலரை மணி ஆளுக்கு இது பெரிய விஷயம். பகலில் கோயில் கோபுரத்துச் சிற்பத்தை இழுத்து எடுக்கிறவருக்கு இது ஒன்றுமே இல்லை, அவர் 2019இன் ஏழாம் மார்க்கைப் பார்க்கலாம், 200 மி.மீ. வரை போகிறது. காசு இருந்தால்.

கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3ம் கடைசி வரை கூட வந்தது. 24இலிருந்து 100 வரை, எஃப் 1.8 முதல் 2.8 வரை, மைக் செருக ஓட்டை, தொடுதிரை, 4கே வீடியோ. படிக்கும்போதே வாயில் எச்சில் ஊறியது. ஆனால் இப்போது காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் அதன் பின்னால் ஓடுவதால் பழையதற்கே புதியதன் விலை சொல்கிறார்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் கிடையாது. ரிக்கோ ஜிஆர் 3ஐ ஒருநாள் கையில் வைத்துப் பார்த்தேன். 257 கிராம், உள்ளே பெரிய கேமராவின் ஏபிஎஸ்சி சென்சார். ஜூம் கிடையாது, நாமே நடக்க வேண்டும். வீடியோவை ஒப்புக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். படம் மட்டும் போதும் என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வாங்கியிருப்பேன்.

கடைசியில் முடிவானது ஆர்எக்ஸ்100 மார்க் 3, பழையது. பத்து வருஷத்துக்கு மேல் ஆன மாடல். அதற்காக வெட்கமெல்லாம் இல்லை.

வாங்கப் போன கதையைச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பீச். இறங்கி ரோட்டைத் தாண்டினால் பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பிழைக்கப் போட்ட கடைகள். என் சின்ன வயதில் அப்பா அங்கே டேப் ரெக்கார்டர் வாங்கினார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதலில் நுழைந்த ஒரு கடையில் இதே மாடல், கீறல் இல்லாமல், விலையும் குறைவு. ஆன் செய்தால் மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. "அப்டேட் போட்டா இங்கிலீஷ் வந்துரும்க்கா" என்றான் பையன். வராது. ஜப்பானில் விற்கும் சோனி கேமராக்களில் பெரும்பாலும் மொழி மாற்றும் வசதியே வைப்பதில்லை. நான் அதைப் படித்துவிட்டுப் போயிருந்ததால் தப்பித்தேன். இல்லாவிட்டால் இப்போது படத்தைப் பார்த்து பட்டன் அமுக்கிக்கொண்டிருப்பேன், கேஸ் அடுப்பு மேனுவல் படிக்கிறதுபோல்.

இன்னொரு சந்தில் ஒரு பாய் வைத்திருந்தார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். "எடுத்துப் பாரும்மா, நேரம் எடுத்துக்கோ" என்று ஸ்டூலைத் தள்ளினார். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை எஃப் 11இல் எடுத்தேன். சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் நிறப் பொட்டாகத் தெரியும். ஓரத்தில் ஒன்றே ஒன்று, மங்கலாக. ஜூமை நாலைந்து தடவை விட்டு விட்டு இழுத்தேன், காதருகே வைத்து. மணல் போயிருந்தால் அரைக்கிற சத்தம் வரும். மிக்ஸியில் மிளகு போட்டதுபோல். வரவில்லை. லென்ஸை மூடும் இதழ்கள் முழுதாக மூடின. பேட்டரியை மேஜையில் படுக்கப்போட்டுச் சுண்டிவிட்டேன், வயிறு ஊதியிருந்தால் பம்பரமாகச் சுற்றும். சுற்றவில்லை. 28,000 சொன்னார், 27,500க்குக் கொடுத்தார். பில்லில் சீரியல் நம்பரையும் எழுதித் தந்தார். நான் கேட்காமலே எழுதியதால்தான் கடையை நம்பினேன். வெளியே வந்து ஒரு தட்டு அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டேன், பூண்டு கொஞ்சம் தூக்கல்.

பத்து மாதம் ஆகிறது. நல்லதை முதலில் சொல்கிறேன்.

மீன் எடுப்பது கஷ்டம். வஞ்சிரத்தின் வயிறு கண்ணாடி மாதிரி, மேலே தொங்கும் பல்பு வெளிச்சம் பட்டால் அந்த இடம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இந்தக் கேமராவில் ஜீப்ரா என்று ஒன்று உண்டு. வெளிச்சம் மிஞ்சுகிற இடத்தில் திரையில் வரிவரியாக ஓடும். பின்பக்கச் சக்கரத்தைத் திருப்பி எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7க்கு இறக்குவேன், வரி செதிலின் ஓரத்துக்குச் சுருங்கும்போது அமுக்குவேன். அப்போது வயிற்றில் ஓடும் அந்த ரோஸும் நீலமும் கலந்த பளபளப்பு அப்படியே நிற்கிறது. ஏலம் விடுகிற அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டு, "இந்த போட்டோவ வெச்சே கிலோவுக்கு நூறு ரூவா ஏத்தலாம்" என்றார்.

வெயில் ஏறியபின் திரையில் ஒன்றும் தெரியாது. அதற்கு வியூஃபைண்டர். பக்கத்தில் உள்ள சின்னக் கொக்கியைத் தள்ளினால் டக்கென்று மேலே எழும்பும், கண் வைக்கும் பகுதியைப் பின்னால் இழுக்க வேண்டும். ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களை நடுப்பகலில் அதன் வழியாகத்தான் எடுத்தேன். 1856இல் திறந்த கட்டடம், முன்னால் நின்று முழுதாக அடக்க 24 மி.மீ. வேண்டும், 28 என்றால் பின்னால் போய் ரோட்டில் நிற்க வேண்டும். நாலு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அந்த ரோட்டில் லாரிக்கு நடுவே நின்று பார்க்கட்டும்.

ஃபிளாஷை விரலால் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பும். அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்கு அப்படித்தான் எடுத்தேன். யார் முகத்திலும் எண்ணெய் மினுங்கவில்லை.

இனி எரிச்சல்கள். வியூஃபைண்டரை உள்ளே அமுக்கினால் கேமராவே அணைந்துவிடும். கண்ணிலிருந்து எடுத்துத் திரைக்கு மாற நினைத்து அமுக்கிவிட்டு, எத்தனையோ தடவை படத்தை விட்டிருக்கிறேன். இந்த மார்க்கில் அதை மாற்ற வழி இல்லை. தொடுதிரையும் கிடையாது. பேட்டரிக்குக் கணக்கில் 320 படம் என்று போட்டிருக்கிறார்கள். வீடியோவும் எடுத்தால் எனக்கு ஒரு காலை தாண்டாது. ஒரு ஆறுதல், இந்த வரிசை எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி என்பதால் எங்கேயும் கிடைக்கும். சார்ஜ் பழைய மைக்ரோ யுஎஸ்பியில், வீட்டில் அந்த வயர் ஒன்றுதான் மிச்சம். அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வீடியோ ஃபுல் எச்டிதான், 4கே இல்லை. எனக்குப் போதும். நல்ல தரத்தில் எடுக்க 64 ஜிபி கார்டு போட வேண்டும், சின்னக் கார்டு போட்டால் மறுக்கும். கொட்டகை விளக்குக்குக் கீழே வீடியோ கோடுகோடாக நடுங்கினால் ஷட்டரை 1/100 நொடியில் வைக்கவும், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம். மைக் செருக ஓட்டை கிடையாது. கடல்காற்று அடித்தால் ஏலக் குரல் எல்லாம் ஒரே புஸ்ஸென்று வரும். மைக் துளைகளின் மேல் ஸ்பாஞ்சு துண்டு ஒட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான், வேலை செய்கிறது. பேசி வீடியோ போடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம், சோனியிலேயே 2020இல் வந்த இசட்வி 1 பாருங்கள். நடந்துகொண்டே எடுக்கிறவர்களுக்கு டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3. சித்தி மகனிடம் இருக்கிறது. கழுத்தை ஆட்டி ஆட்டித் தானே நடுக்கத்தைச் சரிசெய்துகொள்ளும், கோழி மாதிரி. போட்டோவுக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

படகில் ஏறுகிறவர்கள் என் கேமராவைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இதற்குத் தண்ணீர் ஆகாது. நானே மீன் தண்ணீர் தெறிக்கும் பக்கம் போனால் ஜிப் கவரில் போட்டுத்தான் வைக்கிறேன். ஒலிம்பஸ் டிஜி 6 போல 15 மீட்டர் வரை தண்ணீரில் இறங்குவது எடுத்தால் கவலை இல்லை, ஆனால் சென்சார் மலிவான கேமராக்களில் வரும் அந்தச் சின்னது. விடிந்தபிறகு எடுக்கலாம். அப்புறம், சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் போட்ட கேமரா மோகத்தில் பிள்ளைகள் இரண்டாயிரங்களில் வந்த டப்பாக்களைத் தேடுகிறார்கள். வாங்கட்டும், என்ன கார்டு போடுகிறது என்று மட்டும் முதலில் பார்க்கட்டும். அந்தக் காலத்து ஒலிம்பஸ், ஃபியூஜியில் பலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு. அதைத் தேடுவதற்குள் மோகம் தீர்ந்துவிடும்.

உப்புக்காற்றுக்குப் பயந்து, வீட்டில் மூடி இறுகும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் நாலைந்து போட்டு வைக்கிறேன்.

பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். கேமரா 102க்கு 58, தடிமன் 41 மில்லிமீட்டர், 290 கிராம். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துக்கொண்டு, பின்னால் சந்தில் எனக்குத் தைக்கும் அண்ணனிடம் கேமராவையே கொடுத்துவிட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப்பை வைத்தார். "போன் பாக்கெட் மாதிரி தட்டையா வெச்சா நிக்காதும்மா, இது குண்டு" என்று, வலப்பக்கத் தையலில் ஆறு அங்குல ஆழம், ஐந்து அங்குல அகலம், உள்ளே இரட்டைத் துணி, வாயில் ஒரு பிரஸ் பட்டன் வைத்தார். முதல் சுடிதாரில் எடை தாங்காமல் ஒரு பக்கம் தொங்கியது. அடுத்ததில் பாக்கெட்டின் மேல்முனையை இடுப்பு நாடாவோடு சேர்த்துப் பிடித்துத் தைத்தார், சரியாகிவிட்டது. இப்போது கை உள்ளே போய், பட்டனைப் பிரித்து, கேமராவை எடுத்து ஆன் செய்ய மூன்று எண்ணினால் போதும்.

இந்த முறை இரண்டு செட் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கமும் சின்னதாக ஒன்று கேட்டேன், பேட்டரிக்கு. கூலியில் முப்பது ரூபாய் ஏற்றிவிட்டார்.