அவாப் சட்டத்துக்குப் பிறகு எங்கள் ஹவுசிங் அசோசியேஷன்: ஐந்துக்கு மூன்று

வடமேற்கு லண்டனில் ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு விடும், லாப நோக்கில்லாத அமைப்பு) வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அசோசியேஷனின் பெயரைப் போடவில்லை. எங்கள் கேஸ் இன்னும் மூடப்படவில்லை என்பது ஒரு காரணம். வேறு அசோசியேஷன் வீடுகளில் இருக்கும் சொந்தக்காரரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள் என்பது இன்னொன்று. நான் மதிப்பெண் போடுவது ஒரேயொரு சேவைக்கு: ஈரத்தையும் பூஞ்சணத்தையும் கெடுவுக்குள் சரிசெய்யச் சொல்லும் அவாப் சட்டம் வந்த பிறகு, வீட்டில் அவை இருக்கின்றன என்று அறிவித்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள்?

எங்களுடையது எழுபதுகளில் கட்டின செங்கல் புளொக், மேல் மாடி. குசினியின் வெளிச்சுவரும், அதோடு ஒட்டிய மகனின் அறையும் வடக்கைப் பார்த்தவை. கார்த்திகை பிறந்தால் மூலையில் கறுப்புப் புள்ளி தொடங்கும், தை மாதத்தில் அலுமாரிக்குப் பின்னால் முழுக்கப் படர்ந்திருக்கும். முந்தைய சேவை எப்படியென்றால், போன் எடுத்து நெடுநேரம் பாட்டுக் கேட்க வேண்டும். பிறகு ஒருநாள் ஒருவர் ஸ்பிரே போத்தலோடு வந்து துடைத்து, மேலே ஒரு பூச்சு அடித்துவிட்டுப் போவார். அடுத்த குளிருக்கு அதே இடத்தில் அதே கறுப்பு. ஒரு தடவை வந்த சர்வேயர் சுவரைப் பார்த்ததைவிட அடுப்பைத்தான் கூடப் பார்த்தார். புட்டுப்பானையைக் காட்டி, இதில் எவ்வளவு நேரம் ஆவி வரும் என்று கேட்டார். போகும்போது ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்: சட்டிக்கு மூடி போடுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள், உடுப்பை உள்ளே காயப்போடாதீர்கள். கீழ்வீட்டு அன்ரிக்கும் அதே பிரசுரம் கிடைத்தது. "பிள்ளை, நாங்கள் இடியப்பம் அவிக்காட்டி இவங்கட சுவர் காஞ்சிடுமாமோ?" என்று கேட்டா. அவவின் வீட்டில் அடுப்பு எரிவதே இரண்டு நாளைக்கு ஒருக்கால்தான்.

இந்தப் பழி எங்களுக்கு மட்டும் விழுந்ததல்ல. 2020 டிசம்பரில் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்புச் சொன்னார். சூடானிலிருந்து வந்த குடும்பம். தகப்பன் 2017இலேயே முறையிட்டார், மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். வீட்டுக்குப் பொறுப்பான ரொச்டேல் பரோவைட் ஹவுசிங், அந்தக் குடும்பம் வாழும் முறைதான் காரணம் என்று தாங்களாக நினைத்துக்கொண்டதைப் பிறகு ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் 2021 ஒக்டோபரிலேயே, வாடகையாளர் முறைப்பாடுகளை விசாரிக்கும் ஹவுசிங் ஒம்பட்ஸ்மன், ஈரத்துக்கு வாடகையாளரின் வாழ்க்கைமுறையைச் சாட்டுவதை நிறுத்துங்கள் என்று தனி அறிக்கையே போட்டிருந்தார்.

அந்தப் பெற்றோர் விடாமல் நின்றதால், 2023 ஜூலையில் நிறைவேறிய சமூக வீடமைப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் அவாப் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் அது நடைமுறைக்கு வந்தது 2025 ஒக்டோபர் 27. கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வீடு, அசோசியேஷன் வீடு இரண்டுக்கும் பொருந்தும். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியாகப் பெரும் ஆபத்தான அவசர நிலை என்றால் 24 மணித்தியாலத்துக்குள் வந்து பார்த்து ஆபத்தை நீக்க வேண்டும். உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலைநாளுக்குள் ஆராய வேண்டும். ஆராய்ந்து முடிந்து 3 வேலைநாளுக்குள் கண்டதை எழுத்தில் தர வேண்டும், 5 வேலைநாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் தங்கள் செலவில் வேறு இடத்தில் தங்கவைக்க வேண்டும்.

இனி எங்கள் அனுபவம். நவம்பரில் அசோசியேஷனின் போன் அப்பில் படங்களோடு அறிவித்தேன். அன்றைக்கே ஒரு பெண் கூப்பிட்டுக் கதைத்தார். வீட்டில் யார் யார், வயதென்ன, யாருக்காவது மூச்சுக் கோளாறு உண்டா என்று கேட்டு, மகனுக்கு ஆஸ்மா என்றதும் குறித்துக்கொண்டார். இது புதுசு. முன்பெல்லாம் கேட்கும் ஒரே கேள்வி வாடகைப் பாக்கி இருக்கிறதா என்பதுதான்.

சர்வேயர் கெடுவுக்குள் வந்தார். ஈரம் அளக்கும் கருவியைச் சுவரில் அங்கங்கே வைத்து எண்களைக் குறித்தார், வெப்பத்தைக் காட்டும் கமராவால் மூலைகளைப் படமெடுத்தார். குசினியின் காற்றிழுக்கும் விசிறியில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டிப் பார்த்தார், அது கீழே விழுந்தது. விசிறி சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு வெளியே இறங்கி அண்ணாந்து பார்த்தார். கூரைப் பீலியின் மூட்டு விட்டிருக்கிறது, அதற்குக் கீழே செங்கல்களுக்கு இடையில் சாந்து உதிர்ந்து மழைநீர் நேராகச் சுவருக்குள் இறங்குகிறது. இத்தனை வருடமாக ஒருவரும் வெளியே போய்ப் பார்க்கவில்லை. புட்டுப்பானை மேசையில்தான் இருந்தது, அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்து வந்த எழுத்துச் சுருக்கத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இரண்டு பக்கம். என்ன கோளாறு, எதனால், என்ன செய்யப் போகிறோம், எப்போது, யாரோடு தொடர்புகொள்வது. பீலியும் சாந்தும்தான் காரணம் என்று அவர்களுடைய தாளிலேயே அச்சாகி வந்ததைக் கண்டு கீழ்வீட்டு அன்ரி தனக்கும் ஒரு பிரதி கேட்டா. ஐந்து நாளுக்குள் பூஞ்சணத்தைக் கழுவி, புது விசிறி பூட்டி, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றும் தந்தார்கள். அந்த மெஷின் இழுக்கும் கரண்டுக்கு யார் காசு கட்டுவது என்று அவர்களாகச் சொல்லவில்லை. நான் கேட்டு எழுதிய பிறகுதான் வாடகைக் கணக்கில் கழித்தார்கள். கேட்காதவர்களுக்குக் கழித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

குறைத்த இரண்டு புள்ளியும் வெளிவேலைக்கு. திரும்ப வராமல் தடுக்கும் வேலையை 5 வேலைநாளுக்குள் தொடங்க வேண்டும், முடியாவிட்டால் கூடியது 12 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்கிறது விதி. தொடங்க. முடிப்பதற்கு "நியாயமான காலம்" என்றுதான் இருக்கிறது, திகதி இல்லை. எங்கள் அசோசியேஷன் அந்த இடைவெளியை நன்றாகவே படித்திருக்கிறது. கெடு முடிய முன்னம் சாரம் கட்டினார்கள். வேலை தொடங்கியாயிற்று என்று குறுஞ்செய்தி வந்தது. அதற்குப் பிறகு சாரத்தில் புறா மட்டும்தான் ஏறுகிறது. மகனின் அறைக்கு வந்த கொஞ்ச வெளிச்சமும் இப்போது இல்லை.

அதைவிட, ஈரம் அல்லாத ரிப்பேர்கள் எல்லாம் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டன. மாடிப்படிக் கதவு பூட்டுப்படாமல் கிடக்கிறது. போன் எடுத்தால் "டாம்ப் அண்ட் மோல்டா?" (ஈரமும் பூஞ்சணமுமா) என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் குரலே மாறுகிறது. கெடு இருக்கும் பக்கம் ஆட்களை இழுத்துவிட்டார்கள் என்று விசிறி பூட்ட வந்த தம்பியே சொன்னார். 2026இல் கடுங்குளிர், கடும் வெப்பம், தடுக்கி விழுதல், தீ, மின்சாரம் போன்ற ஆபத்துகளுக்கும், 2027இல் வீட்டில் ஆள்நெரிசல் தவிர்ந்த மற்ற எல்லாவற்றுக்கும் இதே கெடுவை விரிப்பதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அப்போது யாரை எங்கிருந்து இழுப்பார்கள்?

அவர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். 2016 தொடங்கி நாலு வருடம் கவுன்சில், அசோசியேஷன் வீடுகளின் வாடகையை வருடத்துக்கு 1 வீதம் குறைக்கச் சொன்னது அரசாங்கம்தான். 2023இல் விலைவாசி 10 வீதத்தைத் தாண்டி நின்றபோது வாடகை உயர்வை 7 வீதத்தோடு நிறுத்தியதும் அதுதான். வாடகையாளராக எனக்கு அது நல்லதே. ஆனால் 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் 72 பேர் இறந்த பிறகு உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் பொருத்திய உறைப்பலகைகளை மாற்றும் செலவு, ஈரத்துக்கான செலவு, 2024 ஏப்ரலிலிருந்து சமூக வீடமைப்பு ஒழுங்குமுறை ஆணையம் பெரிய அசோசியேஷன்களை நாலு வருடத்துக்கு ஒருமுறை சோதித்து சி1 முதல் சி4 வரை தரம் போடும் பரீட்சைக்கான ஆயத்தம், எல்லாம் பெரும்பாலும் எங்கள் வாடகையிலிருந்துதான் போக வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். புது வீடு கட்டுவதைப் பல அசோசியேஷன்கள் குறைத்திருக்கின்றன. அதனால் கவுன்சில் வரிசையில் காத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. 2026 ஏப்ரலில் வாடகை 4.8 வீதம் வரை கூடலாம் என்பது விதி, எங்களுக்கு முழுசாகவே கூட்டிவிட்டார்கள். கூட்டின காசில் பீலிக்கு ஒரு மேசனை அனுப்பினால் குறைசொல்ல மாட்டேன்.

எங்கள் படிக்கட்டிலேயே ஷெயார்ட் ஓனர்ஷிப்பில் (ஒரு பங்கை வாங்கி மிச்சத்துக்கு வாடகை கட்டும் முறை) வாங்கின குடும்பம் ஒன்று இருக்கிறது. அதே சுவர், அதே பீலி. வீட்டில் ஒரு பங்கு சொந்தம் என்பதால் அவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்போருக்கும் இதை விரிக்க 2025இல் சட்டம் வந்துவிட்டது, நடைமுறைக்கு வர இன்னும் விதிகள் எழுதப்பட வேண்டும்.

இந்தச் சேவையைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில விஷயம். போனில் சொன்னாலும் அப்பிலோ ஈமெயிலிலோ எழுதுங்கள், கெடு எண்ணத் தொடங்குவது அவர்களுக்குத் தெரியவந்ததற்கு அடுத்த வேலைநாளிலிருந்து. "சுவரில் கறை" என்று எழுதாதீர்கள், "மோல்ட்" என்று எழுதுங்கள். குழந்தை, வயதானவர், ஆஸ்மா, எதையும் விடாதீர்கள். வந்தோம், வீட்டில் ஆளில்லை என்று கார்ட் போட்டுவிட்டுப் போனால், வீட்டில் இருந்தேன் என்று அன்றைக்கே பதில் எழுதுங்கள். உள்ளே விடவில்லை என்பது பிறகு அவர்களுக்குச் சாட்டாகும்.

முக்கியமானது, ரிப்பேர் கேட்பது வேறு, முறைப்பாடு வேறு. "கொம்ப்ளெயின்ட்" என்று தனியாக எழுதினால் 5 வேலைநாளில் கிடைத்தது என்று சொல்லி, அதிலிருந்து 10 வேலைநாளில் பதில் தர வேண்டும். திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலைநாள். அதன் பிறகு ஹவுசிங் ஒம்பட்ஸ்மன். காசு இல்லை, எம்.பி.யைப் பிடிக்கத் தேவையும் இல்லை. கீழ்வீட்டு அன்ரிக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். "என்ர பேரில கோபம் வந்து வீட்டை விட்டு எழுப்பிப்போடுவாங்களோ?" என்று பயந்தா. முறையிட்டதற்காக எழுப்ப முடியாது அன்ரி என்று சொல்லி, கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

ஆய்வுக்கும் எழுத்துச் சுருக்கத்துக்கும் உள்வேலைக்கும் மூன்று புள்ளி. வெளிவேலை முடியும் திகதியை எழுத்தில் கேட்டு நானும் முதற்கட்ட முறைப்பாடு போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் புள்ளியைத் திருத்துகிறேன்.