பழைய டிவிடி ரைட்டரை மாற்றப் போகிறீர்களா? புதுக் கவருக்குள் பழைய டிரைவைக் கட்டிவிடுகிறார்கள்

பெட்டி புதிது, கவர் பளபளப்பு, யுஎஸ்பி முனை நீல நிறம். திருகைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே, கழித்துப்போட்ட லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய மெல்லிய டிரைவ். அதன் ஸ்டிக்கரில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்த்தால், நீங்கள் மாற்ற நினைக்கும் ரைட்டரைவிட அதுவே மூத்ததாக இருக்கும். வெளியே வைக்கும் டிவிடி ரைட்டர்களில் நடக்கும் ஏமாற்று இது.

கவரைத் திறந்துவிட்டால் திருப்பி வாங்க மாட்டார்கள். அதனால் முதலில் ட்ரேயை இழுத்து, லென்ஸைச் சுற்றித் தூசியும், டிஸ்க் உட்காரும் நடுவளையத்தில் தேய்மானமும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கணினியில் செருகி, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வரும் மாடல் எண்ணைத் தேடுங்கள். பெட்டியில் ஒரு பெயரும் அங்கே வேறு பெயரும் வந்தால் அதுவே மோசடி ஆகிவிடாது. டிரைவ் செய்பவர்கள் சிலரே, விற்கும் பெயர்கள்தான் பல. அந்த மாடல் எந்த ஆண்டு வந்தது என்பதுதான் கேள்வி.

டிரைவ் நிஜமாகவே புதிதாக இருந்தாலும் அது முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. மேசைக் கணினிக்குள் இருக்கும் பழைய 16எக்ஸ் (எக்ஸ் என்பது வேக மடங்கு) ரைட்டர் 4.7 ஜிபி டிஸ்க்கை ஐந்தாறு நிமிடத்தில் எழுதிவிடும். மெல்லிய டிரைவின் உச்சமே 8எக்ஸ். எட்டு ஒன்பது நிமிடம் பிடிக்கும். பெட்டியில் கொட்டை எழுத்தில் 24எக்ஸ் என்று போட்டிருந்தால் அது சிடி வேகம். யுஎஸ்பி 3.0 என்று காட்டும் நீல முனையாலும் பயனில்லை. டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு சுமார் 1.385 எம்பி, 8எக்ஸ் என்றால் 11 எம்பி. இதற்கு யுஎஸ்பி 2.0 தாராளம்.

மின்சாரம்தான் தகராறு. யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். படிக்கும்போது சமாளிக்கும் டிரைவ், எழுதும்போது லேசர் பலம் கூடியதும் துண்டித்துக்கொள்ளும். இரட்டை முனைக் கேபிளோ, தனி மின்சாரம் உள்ள ஹப்போ போட்டுப் பார்க்காமல் "டிரைவ் கெட்டது" என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொரு வகை ஏமாற்று, பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் "லேசர் போச்சு" என்று ஒரே வார்த்தையில் புதிது வாங்க வைப்பது. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, இரண்டும் தனித்தனி. முதலில் வேறு வேறு தயாரிப்பாளர்களின் இரண்டு டிவிடிகளை 4எக்ஸ் அல்லது 8எக்ஸில் எழுதி, எழுதியது சரியா என்று வெரிஃபை செய்யுங்கள். சிடி எழுதுகிறது, இரண்டு டிவிடியும் தொடக்கத்திலேயே 'பவர் காலிப்ரேஷன்' (லேசர் பலத்தைச் சரிசெய்தல்) பிழை தருகிறது என்றால் டிவிடி லேசர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு டிவிடி மட்டும் தோற்றால் குற்றம் டிஸ்க்கில். மாற்ற வேண்டியது ரைட்டரை அல்ல.

போலி டிஸ்க்குகளைப் பற்றி விற்பவர் வாய் திறக்க மாட்டார். ஒவ்வொரு வெற்று டிஸ்க்கிலும் தயாரிப்பாளர் குறியீடு பதிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் ரைட்டர் லேசரை எப்படிச் செலுத்துவது என்று தீர்மானிக்கிறது. போலிகளில் நல்ல தயாரிப்பாளரின் குறியீடு இருக்கும், லேசர் எழுதும் சாயப் பூச்சோ வேறு. விளைவு, எழுதும்போது எல்லாம் சரி; படிக்கும்போது விளிம்பை நெருங்கியதும் திணறல். பாதி நிரப்பிய டிஸ்க்கில் இது தெரியாது. கட்டாக வாங்கும் முன் ஒன்றை முழுக்க நிரப்பிப் பாருங்கள்.

ஃபர்ம்வேர் (டிரைவை இயக்கும் உள் மென்பொருள்) மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களும் உண்டு. ஃபர்ம்வேரால் புது வகை டிஸ்க்குகளை அடையாளம் காண வைக்கலாம். தேய்ந்த லேசருக்கு அது உயிர் கொடுக்காது. ப்ளூ-ரேக்குத் தேவையான 405 நானோமீட்டர் லேசரும் ஃபைலில் வராது. மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறிய ஃபைலை ஏற்றினால், ஓடிக்கொண்டிருந்த டிரைவும் கணினியின் கண்ணில் படாமல் போய்விடும்.