பேசி முடித்த மறுநாள்: ரோல்ப்ளேயிங் ஆட்டங்களின் பேச்சுவார்த்தை விதிகள், ஓர் ஒப்பீடு

ஆற்றுத்துறைச் சுங்கச்சாவடியில் ஒரு கண்காணிப்பாளன் குழுவின் படகைப் பிடித்து வைத்திருக்கிறான். விடிவதற்குள் படகு துறையைத் தாண்டியாக வேண்டும். குழுவிலுள்ள பாணன், “இதில் இருப்பது ஆளுநர் மகளுக்கான மருந்து, தாமதமானால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்” என்று துணிந்து ஒரு பொய்யை எடுத்து விடுகிறான். ரோல்ப்ளேயிங் ஆட்டத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு பாத்திரமாக ஆட, எதிர்ப்படும் மற்றவர்களை ஆட்டநடத்துநர் ஏற்று நடத்துவார்; முடிவு தெரியாத இடங்களில் விதியும் பகடையும் விடை சொல்லும். பாணன் வாளை உருவியிருந்தால், அடுத்து என்ன செய்வதென்று பெரும்பாலான விதிநூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கும். பொய்க்கு என்ன செய்வது என்பதில்தான் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு திசையில் இழுக்கிறது. இந்த ஒரே காட்சியைச் சில விதிமுறைகளின் வழியே நடத்திப் பார்க்கிறேன். படகு கிடைத்ததா என்பதைவிட, அடுத்த முறை அதே துறைக்கு வரும்போது அந்தக் கண்காணிப்பாளன் எந்த முகத்துடன் நிற்பான் என்பதற்கு விதியில் விடை உண்டா என்பதே என் அளவுகோல்.

பகடையே வேண்டாம், பேச்சைப் பேச்சாகவே நடத்துவோம் என்பது முதல் வழி. ஆட்டக்காரர் பேசுவார், ஆட்டநடத்துநர் கண்காணிப்பாளனாகக் கேட்டு, நம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார். நல்ல நாளில் இதற்கு இணையான இன்பம் வேறில்லை. ஆனால் என் மேசையில் பாணனாக ஆடியவர் இயல்பிலேயே கூச்சமுள்ளவர். மூன்றாம் அமர்வில் அவர் என்னிடம், “அண்ணா, எனக்கு இப்படியெல்லாம் பேச வராது, என் பாணனுக்கு வரும்” என்றார். கோடரி வீசுபவராக ஆடும் நண்பரிடம் கோடரி வீசிக் காட்டச் சொல்லாத நான், இவரிடம் மட்டும் சொல்வன்மையைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பின்விளைவைப் பொறுத்தவரையிலும் இந்த வழியில் எல்லாம் நடத்துநரின் நினைவாற்றலையே நம்பி நிற்கிறது. நான் மறந்துவிட்டால் கண்காணிப்பாளனும் மறந்துவிடுகிறான்.

இவ்வகை ஆட்டங்களில் மிகவும் புகழ்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மரபு இதற்குப் பகடையில் விடை தேடியது. 1981இல் வந்த அடிப்படைப் பதிப்பில், எதிர்ப்படுவோர் எப்படி நடந்துகொள்வர் என்பதை இரண்டு ஆறுமுகப் பகடைகள் முடிவு செய்யும்: 2 விழுந்தால் உடனடித் தாக்குதல், 12 விழுந்தால் உற்சாகமான நட்பு. முதல் சந்திப்பின் மனநிலையைச் சொல்வதோடு அது நின்றுவிடும் என்பதால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் 2003இல் வந்த 3.5 பதிப்பில் தெரிந்தது. அங்கே ராஜதந்திரத் திறனுக்கு அட்டவணை உண்டு. பகைமையோடு நிற்பவரை உதவும் மனநிலைக்குக் கொண்டுவர இலக்கெண், அதாவது இருபதுமுகப் பகடையும் திறன் ஊக்கங்களும் சேர்ந்து எட்ட வேண்டிய எண், 50. எட்ட முடியாத எண்ணாகத் தோன்றும். ஆனால் திறன் ஊக்கங்களை அடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு நிமிடப் பேச்சில் பகைவனை உற்ற தோழனாக்குவது வாடிக்கையாகிவிடும். பேச்சு அங்கே வசிய மந்திரமாகிவிட்டது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் நூல் இதை அழகாகத் திருத்தியது. நட்பு, அலட்சியம், பகை என்று மூன்றே மனநிலைகள். 0, 10, 20 என்று மூன்றே இலக்கெண்கள். நம் கண்காணிப்பாளன் அலட்சிய மனநிலையில் இருப்பவன் என்று கொள்வோம். பகடை 10ஐத் தொட்டால், தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத உதவியை மட்டும் செய்வான்; 20ஐத் தொட்டால் சிறு ஆபத்தை ஏற்பான். பிடித்த படகை விடுவிப்பது அவனுக்கு ஆபத்தான காரியம் என்பதால் 20 வேண்டும். அதாவது, எவ்வளவு இனிக்கப் பேசினாலும் ஒருவன் எவ்வளவு தூரம் வளைவான் என்பதற்கு எல்லை உண்டு. அவனுடைய பற்றையோ பலவீனத்தையோ கண்டறிந்து தொட்டால் மனநிலை ஒரு படி நகரும். ஆனால் தற்காலிகமாகத்தான் நகரும் என்று நூல் சொல்கிறது. அந்தத் தற்காலிகம் முடிந்தபின் என்ன ஆகும் என்பதற்கு விதி இல்லை. மறுநாள் மீண்டும் என் நினைவாற்றலிடமே வந்து சேர்கிறது.

லூக் கிரேனின் பர்னிங் வீல் முற்றிலும் வேறு குணமுடையது. அங்கே வாக்குவாதம் ஒரு போர். இருதரப்பும் முதலில் பந்தயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வாதத்தின் வலுவை ஓர் எண்ணாகக் குறித்துக்கொண்டு, மறுப்பது, பேச்சை மாற்றுவது, சீண்டுவது போன்ற நகர்வுகளை மும்மூன்றாக மறைத்தெழுதி மோத வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வென்றவரும் முழுதாக வெல்ல முடியாது என்பது. வாதத்தில் அவர் இழந்த புள்ளிகளுக்கு ஏற்பத் தோற்றவருக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆகவே படகு கிடைக்கும், ஆனால் ‘மருந்துடன் என் ஆள் ஒருவனும் வருவான்’ என்று கண்காணிப்பாளன் ஒன்றை வாங்கிக்கொள்வான். அந்த ஆள்தான் மறுநாளுக்கான விடை. ஆட்டக்காரரின் பாத்திரம் தோற்றாலும் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதால் இரு பக்கமும் நியாயம் ஒன்றே. குறையையும் சொல்லிவிட வேண்டும்: ஒரு சுங்கச்சாவடிக்காக அரைமணி நேரம் வாதப்போர் நடத்தினால், மேசையில் பாதிப்பேர் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். வாரிசுரிமை வழக்குக்கும் திருமணப் பேச்சுக்கும் உரிய கருவி இது.

பொய்யின் தடம் பொய் சொன்னவரிடமே பதிய வேண்டும் என்று கருதுவோருக்கு, கிரெக் ஸ்டாஃபோர்டு 1985இல் தந்த பென்டிராகன் இருக்கிறது. வாய்மையும் வஞ்சகமும் அதில் கூட்டுத்தொகை 20 வரும் ஓர் இணை. இப்படி 13 இணைகள். வஞ்சித்துப் பழகிய வீரனுக்கு வஞ்சகம் ஏறும், வாய்மை இறங்கும்.

2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் வேறொன்றைக் கேட்கிறது. எதிராளியை மசிய வைக்க, அவருக்குத் தேவையானதோ அஞ்சுவதோ ஒன்று முதலில் உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையேல் பகடைக்கே வேலையில்லை. இரு பகடைகளின் கூட்டில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால், நீங்கள் தரும் வாக்குறுதியை நம்பி இசைவார். காப்பதும் மீறுவதும் பிறகு உங்கள் பாடு. 7 முதல் 9 வரை வந்தால் உறுதியான பிடிமானம் ஒன்றை அங்கேயே கேட்பார். இன்னோர் ஆட்டக்காரரின் பாத்திரத்தை மசிய வைக்கும்போது அவரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இணங்கினால் அனுபவப் புள்ளி என்று ஆசை காட்டலாம், மறுப்பதைக் கடினமாக்கலாம்; முடிவு அவருடையதே. நண்பர்களுக்குள் மனக்கசப்பு வராமலிருக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

எனினும் என் அளவுகோலில் முன்னே நிற்பது, ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க். 2017இல் வெளியான இந்த ஆட்டத்தில், பகடையை எடுக்கும் முன்பே நிலைமை எவ்வளவு ஆபத்தானது, எவ்வளவு பலன் கிடைக்கும் என்று நடத்துநர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பகடையில் 4 அல்லது 5 விழுந்தால் காரியம் நடக்கும், விலையும் இருக்கும். அந்த விலையை மேசை நடுவில் ஒரு வட்டம் வரைந்து, நான்கு, ஆறு அல்லது எட்டுக் கூறுகளாகப் பிரித்து எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கலாம். கூறுகள் ஒவ்வொன்றாக நிரம்பி வட்டம் முழுதாகும்போது அந்த விலை வந்து சேரும். நகரின் ஒவ்வொரு கூட்டத்துடனும் உங்கள் உறவு -3 முதல் +3 வரை ஓர் எண்ணாக நிற்கும். -3 என்றால் போர். நடத்துநர் மறந்தாலும் தாள் மறப்பதில்லை.

இப்போது நான் ஐந்தாம் பதிப்பைத்தான் நடத்துகிறேன். அந்த வட்டத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன். தமிழில் ஆடுவதால் இன்னொன்றும் கூடக் கிடைக்கிறது: பாணன் கண்காணிப்பாளனை ‘நீ’ என்கிறானா, ‘நீங்கள்’ என்கிறானா என்பதிலேயே மரியாதையும் மிரட்டலும் வெளிப்பட்டுவிடுவதால், இலக்கெண்ணை வைக்கும்போது அதைத்தான் முதலில் கவனிக்கிறேன். கூச்சமுள்ள நண்பர் வசனம் பேசுவதில்லை. என்ன பொய், எந்த விளிப்பு என்று இரண்டைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுகிறார்.

அன்று அவருக்கு 21 விழுந்தது, படகு போயிற்று. நான் ஓர் அட்டையில் ஆறு கூறுள்ள வட்டம் வரைந்து, ‘கண்காணிப்பாளன் ஆளுநர் மாளிகைக்கு நலம் விசாரித்துக் கடிதம் எழுதுகிறான்’ என்று கீழே குறித்து மேசையில் வைத்தேன். நான்காம் கூறு நிரம்பிய அமர்வில் குழு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. துறை வழியே போனால் ஒரு நாள், மலையைச் சுற்றினால் ஆறு நாள். பாணன் அட்டையைப் பார்த்தார், பிறகு கோடரிக்காரரைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசாமல் வரைபடத்தை மலைப்பக்கம் திருப்பினார்கள்.