சமூக மன்றச் சுகாதாரத் தொண்டூழியர் பயிற்சி: அளவெடுப்பு அருமை, உணவுப் பாடம் அரைகுறை

தாதியர் நடத்தும் இந்தப் பயிற்சியில் ரத்த அழுத்தம் பார்க்கும் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 5 நிமிடம் உட்காரவைத்து, பாதம் தரையில் பட, கைப்பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றினாலோ, நடுவில் பேச்சுக் கொடுத்தாலோ அளவு தப்பாகக் காட்டும். அந்தத் தவற்றைச் செய்யவிட்டே மறுபடி அளக்க வைக்கிறார்கள். அப்போதுதான் கை பழகும்!

உணவுப் பாடம் ஏமாற்றம். பாதித் தட்டு காய்கறி, பழம். கால் தட்டு முழுதானியம். கால் தட்டு புரதம். சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் இந்த வழிகாட்டி சரிதான். ஆனால் பரோட்டாவும் சாம்பாரும் அதில் எங்கே? தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டார மூத்தோர் முதலில் கேட்பது அதைத்தான். தொண்டூழியர்களைச் சேர்க்கும்போதே தமிழில் பேசவைத்துப் பார்க்க வேண்டும்: 'நீரிழிவு' புரியாதவரிடம் 'இனிப்பு நீர்' என்று சொல்லத் தெரிகிறதா என்று.