எட்டு வாரப் பைத்தான் பாடம்: ஒரு பெங்களூர்க் கணக்காளரின் மதிப்பீடு

எம்.ஜி. சாலைக்கு அருகில் ஒரு மொத்த வணிக நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாக டேலி என்ற கணக்கு மென்பொருளோடும் ஜிஎஸ்டி வரிக் கணக்கோடும் காலம் தள்ளிவரும் பி.காம். பட்டதாரி நான். கணினித் துறைக்கு மாறலாம் என்று துணிந்தபோது முதலில் சென்றது மாரத்தஹள்ளியில் உள்ள ஒரு பயிற்சி மையத்துக்குத்தான். வார இறுதி வகுப்பு என்று 45,000 ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள், மூன்றாம் வாரத்திலேயே அதை வார நாள்களில் இரவு எட்டு மணிக்கு மாற்றினார்கள். அது என் வீட்டில் அடுப்பில் தோசைக்கல் கிடக்கும் நேரம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ரசீதின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்த விதியைக் காட்டினார்கள். அதன் பிறகே, செலவில்லாமல் என்ன கிடைக்கும் என்று தேடி, என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தில், பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்பிக்கும் ‘பைத்தான் வழி நிரலாக்கம், தரவுக் கட்டமைப்புகள், படிமுறைகள்’ என்ற பாடத்தில் சேர்ந்தேன்.

ஐஐடிகளும் நம் ஊர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம் என்பிடெல். விரிவுரைகளைக் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வு மையத்துக்குச் சென்று தேர்வு எழுத வேண்டும், அதற்கு நான் செலுத்தியது 1,000 ரூபாய். பாடத்தை நடத்துபவர் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த். அவருடைய ஆங்கிலம் நிதானமானது; தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்த எனக்குக்கூட ஓரிரு இடங்களில்தான் பின்னோக்கி ஓட்டிக் கேட்க வேண்டியிருந்தது. ஒரு விரிவுரைப் பகுதி, கே.ஆர். புரத்தில் மெட்ரோ ஏறி எம்.ஜி. சாலையில் இறங்குவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். டின் ஃபாக்டரி சந்திப்பு நெரிசலில் பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிய காலமாக இருந்தால், இந்தப் படிப்பே எனக்கு வாய்த்திருக்காது.

முதல் வாரமே மீப்பெரு பொது வகுத்தியில்தான் தொடங்குகிறது. அதே வாரத்தில் ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 391, 299 என்ற இரு எண்களை வைத்துக்கொண்டு, இரண்டால் போகவில்லை, மூன்றால் போகவில்லை, ஏழால் போகவில்லை என்று தாளைக் கிறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியதைச் சிறியதால் வகுத்தால் மீதி 92, 299ஐ 92ஆல் வகுத்தால் மீதி 23, 92ஐ 23ஆல் வகுத்தால் மீதியே இல்லை, ஆகவே விடை 23 என்று யூக்ளிட் முறையைப் போட்டுக் காட்டினேன். “மிஸ் இப்படிச் சொல்லித்தரலையேம்மா” என்றாள். எனக்கும் யாரும் அப்படிச் சொல்லித்தந்ததில்லை. மூன்று வரி நிரலாக அதை எழுதி ஓட்டிய அன்றுதான், இந்தப் படிப்பு எனக்கும் வரும் என்ற நம்பிக்கை பிறந்தது.

வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. எங்கள் பருவத்தில் புதன் நள்ளிரவு அதற்குக் கெடு. கணக்காளர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மாதம் 14ஆம் தேதி, எங்களுக்குச் சரக்கு விற்றவர்கள் பதிந்த இன்வாய்ஸ்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை வெளியாகும், 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும், இடைப்பட்ட நாள்களில் வீட்டுக்கு வருவதே ஒன்பது மணிக்கு. என்பிடெல்லின் எட்டு வாரப் பாடங்களில் பொதுவாகச் சிறந்த ஆறு ஒப்படைப்புகளின் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள் என்ற விதி என்னைக் காப்பாற்றியது. குடும்பத்தோடு படிப்பவர்கள் ஒரு பாடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பாடத்திட்டத்தை அல்ல, இரண்டு வாரம் கைவிட்டுப் போனாலும் மீண்டும் சேர்ந்துகொள்ள இடம் இருக்கிறதா என்பதைத்தான் என்பது பட்டுத் தெரிந்துகொண்டது.

திருத்தும் முறை கறாரானது. நாம் பார்க்கும் மாதிரிகளுக்கு நிரல் சரியாக ஓடினாலும், கெடு முடிந்த பிறகு மறைவான சோதனைகளை வைத்து மதிப்பெண் இடுவார்கள். வெற்றுப் பட்டியல் ஒன்று வந்தால் என்னாகும் என்று நான் யோசிக்காததால் ஒரு வாரம் பாதி மதிப்பெண் போனது. வரவு செலவே இல்லாத கணக்குக்கும் பேரேட்டில் பக்கம் ஒதுக்கும் எனக்கு அது தோன்றாமல் போனதில் வெட்கம்தான். எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாதபடி சதுரங்கப் பலகையில் நிறுத்தும் புதிர் வரும் இடத்தில் பாடம் திடீரெனச் செங்குத்தாகிறது. அங்கே ஒரு ஞாயிறு முழுவதையும், மாமியாரிடம் சமையலறையை ஒப்படைத்துவிட்டு, செலவிட்டேன்.

இந்தப் பாடம் வேலை வாங்கித் தராது. அப்படி அது சொல்லவும் இல்லை. இணையதளம் அமைப்பது இதில் இல்லை, தரவுத்தளமும் இல்லை, நேர்காணல் பயிற்சியும் இல்லை. மூன்று மாதத்தில் பணி மாற வேண்டிய அவசரத்தில் இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிரலை முதன்முறையாகத் தொடுபவர்களுக்கு, ஒரு மடிக்கணினியும் இரவில் ஒரு மணி நேரமும் இருந்தால், தயங்காமல் சொல்வேன்.

எனக்குக் கிடைத்த பயன் வேறு வழியில் வந்தது. 2பியில் உள்ள இன்வாய்ஸ்களை, எண்ணைச் சொன்னால் விவரத்தை எடுத்துத் தரும் பைத்தானின் ‘டிக்‌ஷனரி’ அமைப்பில் ஏற்றி, கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிடும் சிறிய நிரல் ஒன்றை எழுதினேன். சரக்கு விற்றவர் ஒருவர் இன்வாய்ஸ் எண்ணை ‘0045’ என்றும் நாங்கள் ‘45’ என்றும் பதிந்திருந்ததை முதல் ஓட்டத்தில் அது பொருந்தவில்லை என்றது. முன்னால் உள்ள சுழியங்களை நீக்கிய பின் பட்டியல் சுருங்கி, ஒன்பது இன்வாய்ஸ்கள் மட்டும் மிஞ்சின. இரண்டு நாள் பென்சிலும் ஸ்கேலுமாகச் செய்த வேலை அது. முதலாளி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த மாதம் கிளை அலுவலகத்தின் பதிவேட்டையும் என்னிடமே அனுப்பிவைத்தார். ஜனவரிப் பருவத்தில் தரவுத்தளப் பாடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.