மலாவிக்கு மகளை அனுப்புவதா, ஆசிரியரை அனுப்புவதா?

மகள் படிக்கும் கிளாஸ்கோ பள்ளியும் அதன் பக்கத்துத் தொடக்கப் பள்ளியும் ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஒரு கிராமத்துப் பள்ளியோடு பல வருடமாகத் தொடர்பு வைத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் இது புதிதில்லை. 1859-இல் ஸ்காட்லாந்துக்காரரான நாடாய்வாளர் டேவிட் லிவிங்ஸ்டன் மலாவி ஏரிக்குப் போனதிலிருந்து வரும் உறவு இது, அங்கே ஒரு பெருநகரத்துக்கு பிளான்டையர் என்று அவர் பிறந்த ஊரின் பெயரே இருக்கிறது. 2005-இல் இரண்டு அரசுகளும் ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டன. இந்த உறவில் பள்ளிக்கும் பள்ளிக்குமான தொடர்புக்குப் பெரிய பங்கு உண்டு.

போன வருடம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: 16 வயதுப் பிள்ளைகள் மூன்று வாரம் மலாவியில் தன்னார்வப் பணி செய்யலாம், தலைக்கு 2,800 பவுண்ட், பாதியை நிதி திரட்டிச் சேர்க்க வேண்டும். வீட்டில் ஒரு மாதம் இதே பேச்சுதான். நான் விசாரித்துப் பார்த்ததில் நான்கு வழிகள் இருந்தன. நான்கையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோட்டேன்: அங்கே இருப்பவர்கள் இதைக் கேட்டார்களா?

முதலில் மாணவர் குழு. பிள்ளைகளுக்கு இதனால் கிடைப்பது நிறைய, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேக் விற்று, சூப்பர்மார்க்கெட்டில் அடுத்தவர் சாமானைப் பையில் அடுக்கிக் கொடுத்துக் காசு சேர்ப்பதிலேயே பாதிப் படிப்பு இருக்கிறது. ஆனால் அங்கே போய் என்ன செய்வார்கள்? முந்தைய குழு நான்கு நாள் ஒரு வகுப்பறைச் சுவருக்கு வண்ணம் அடித்திருக்கிறது. அந்தக் குழுவில் போய்வந்த பெண் ஒரு படத்தைக் காட்டினாள். சிரித்த முகமாகப் பிள்ளைகள், பின்னால் கைகட்டி நிற்கும் ஒரு உள்ளூர்க்காரர். "அவர்தான் அங்கே பெயிண்டர். நாங்க அடிச்சது திட்டுத் திட்டா இருந்ததால நாங்க கிளம்பின பிறகு அவரே மறுபடி அடிச்சாராம்" என்றாள். அவள் அதைச் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. எனக்கும் மனசு கனத்தது. அந்த நான்கு நாள் கூலி அவருக்கே போயிருக்கலாமே.

இன்னொன்று, ஸ்காட்லாந்தில் கோடை விடுமுறை ஜூன் கடைசியில் தொடங்குகிறது, மலாவியிலோ பள்ளி ஆண்டு முடிவதே ஜூலையில்தான். ஆகவே நம் பிள்ளைகளின் விடுமுறை அவர்களுக்குப் பாட நாள். வரவேற்புப் பாட்டு, நடனம், கால்பந்து என்று இரண்டு நாள் வகுப்பே நடக்கவில்லையாம். கீழ் வகுப்புகளில் பாடம் பெரும்பாலும் சிச்சேவா மொழியில், அதனால் நம் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்கவும் வழியில்லை. கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால் நான் கையெழுத்துப் போடுவேன். உதவப் போகிறோம் என்ற சொல்தான் உறுத்துகிறது.

இரண்டாவது, ஆசிரியர் பரிமாற்றம். மலாவியில் 1994-இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியபோது பள்ளிப் பிள்ளைகள் சுமார் 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்துக்குப் பக்கத்தில் போனார்கள். வகுப்பறையும் ஆசிரியரும் அந்த வேகத்தில் பெருகவில்லை. பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் மூன்று வருடமாக அதே பள்ளிக்கு, அதே வகுப்புக்கு, அதே ஆசிரியையோடு சேர்ந்து பாடம் நடத்தப் போகிறார். இரண்டாம் வகுப்பில் 110 பிள்ளைகள். அத்தனை பேரையும் குழுக்களாகப் பிரித்து வாசிக்க வைப்பது எப்படி என்பதுதான் அந்த ஆசிரியை கேட்ட உதவி. கேட்டதைச் செய்தார்கள். பதிலுக்கு அந்த ஆசிரியை இங்கே வந்தபோது கம்பியில் கோத்த சோடா மூடிகளைக் கொண்டுவந்தார், பத்து மூடிக்கு ஒரு நிறம். கையில் கிடைக்கும் பொருளை வைத்துப் பாடம் நடத்தும் இந்த முறைக்கு அங்கே டாலுலர் என்று பெயர், ஆசிரியர் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். இப்போது அந்த மூடி மாலை கிளாஸ்கோ வகுப்பறை ஜன்னலில் தொங்குகிறது, கழித்தல் கணக்கில் தடுமாறும் பிள்ளைகள் போய் அதைத்தான் தள்ளித் தள்ளி எண்ணுகிறார்கள்.

இந்த வழியின் பெரிய சிக்கல் விசா. இங்கிருந்து அங்கே போவது எளிது, அங்கிருந்து இங்கே வருவது அப்படியில்லை. ஒரு தடவை அந்த ஆசிரியைக்கு விசா கிடைக்காமல் டிக்கெட் பணம் போய்விட்டது. ஒருபக்கம் மட்டும் பயணம் செய்தால் அது பரிமாற்றமே இல்லை.

மூன்றாவது, பள்ளி முடித்தபின் ஓராண்டு போவது. ஸ்காட்லாந்தின் கோல் தீவில் 1967-இல் தொடங்கிய பிராஜெக்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு இப்படித்தான் பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பி வந்திருக்கிறது. மொழி பழகும், ஊர் பழகும், மூன்று வாரத்தை விட எவ்வளவோ மேல். ஆனால் பயிற்சியில்லாத 18 வயதுப் பிள்ளை ஆசிரியர் ஆகிவிட முடியாது, அவள் திரும்பியதும் இடம் காலி. இப்போதைக்கு எங்களுக்கு இது பொருந்தவில்லை.

நான்காவது, போகாமலே இருப்பது. மேரிஸ் மீல்ஸ் என்ற ஸ்காட்லாந்து அமைப்பு 2002-இல் மலாவியில்தான் பள்ளி உணவைத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு பள்ளி ஆண்டு முழுக்கக் கஞ்சி ஊற்ற ஆகும் செலவு சுமார் 20 பவுண்ட். 2,800 பவுண்டில் 140 பிள்ளைகள்! சத்துணவு வரிசையில் தட்டோடு நின்றவன் நான், அந்தக் கணக்கைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் இன்னொரு விஷயம், விடியுமுன் எழுந்து பெரிய பானைகளில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சுகிறவர்கள் அந்தந்த ஊர்த் தாய்மார்கள், சம்பளமில்லாமல். தன்னார்வலர் என்றால் எனக்கு இப்போது அவர்கள் முகம்தான் தோன்றுகிறது. ஆனால் பணம் மட்டும் அனுப்பினால் கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவே மிஞ்சும், சோடா மூடி மாலை வராது.

ஆகவே என் வரிசை: முதலிடம் ஆசிரியர் பரிமாற்றத்துக்கு, அடுத்தது கஞ்சிக்கு, மாணவர் குழு மூன்றாவது, அதுவும் வண்ணம் அடிக்கும் வேலையை விட்டுவிட்டால். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன், சிலருக்குக் கோபம், சரி. மகள் இந்த வருடம் போகவில்லை. அவள் கேக் விற்றுச் சேர்த்த பணம் அந்த ஆசிரியையின் டிக்கெட்டுக்குப் போகிறது. இந்தத் தடவை விசா கிடைத்துவிட்டது, செப்டம்பரில் வருகிறார், ஒரு வாரம் எங்கள் வீட்டில்தான். மகள் தினமும் வாட்ஸ்அப்பில் "மூலி ப்வாஞ்சி" என்று நலம் விசாரித்துப் பழகுகிறாள். அவர்கள் ஊர் ந்சீமா நம் களி மாதிரிதான், வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டுவது. மாவு வாங்கி வைத்தாயிற்று, கட்டி தட்டாமல் கிண்டத்தான் இன்னும் வரவில்லை.