அசோகப் பட்டைக்கு டிஎன்ஏ சோதனை: செலவழிக்கலாம்

சித்த மருந்துச் சரக்கு வாங்குகிறவர்களுக்கு, பட்டை எந்த மரத்தினுடையது என்று டிஎன்ஏ வைத்துச் சொல்லும் இந்த ஆய்வகத்தை மனதாரச் சொல்வேன். அசோகப் பட்டை என்ற பேரில் நெட்டிலிங்கப் பட்டையும் சந்தைக்கு வருகிறது. காய்ந்து நொறுங்கிவிட்டால் கண்ணுக்குப் பிடிபடாது. பெரும்பாட்டுக்கு (மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு) மருந்து கேட்டு வரும் பெண்ணுக்கு அந்த நெட்டிலிங்கப் பட்டையைக் காய்ச்சிக் கொடுக்க எப்படி மனம் வரும்?

பொடியாக்க வேண்டாம், துண்டுகளாகவே அனுப்புங்கள் என்றார்கள் ஆய்வகத்தார். சரியான யோசனை. பொடியில் இரண்டு மரங்களின் டிஎன்ஏ வரிசைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். ஒவ்வொரு துண்டிலும் ஆர்பிசிஎல் (rbcL), மேட்கே (matK) என்ற இரண்டு மரபணுப் பகுதிகளைப் படித்தார்கள். தாவரங்களை டிஎன்ஏ வைத்து அடையாளம் காணப் பொதுவாக 2009-இல் பரிந்துரைக்கப்பட்ட இணை அது. எந்தத் துண்டு எந்த மரம் என்று அறிக்கையில் தெளிவாக இருந்தது.

கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். காய்ச்சிய கஷாயத்தை அனுப்பாதீர்கள், கொதியில் டிஎன்ஏ சிதைந்துவிடும். பட்டையின் வீரியத்துக்கு வேதிச் சோதனை தனியாகச் செய்யவேண்டும்.